வாலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்

ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு
பூஜ்யம் ஒன்று ஏழு நான்கு.
கையை எடுத்தால்
வட்டத்துக்குள் ஓர் ஆர் உட்கார்ந்திருக்கும்.
அவ்வளவுதான் நான் செய்தது.

கல்லிடைக்குறிச்சி சிவசைலம் அண்ணாச்சி
மூணு கிளி அப்பளத்துக்கு
உறை அடிக்க வந்திருந்தார்.
ஈரடுக்குப் பாலத்தருகே என் கடை.
பஸ் போனால் திரையில் கிளிகள் நடுங்கும்.
மூன்றாவது கிளியின் வாலுக்குப் பக்கத்தில்
கொஞ்சம் வெறுமை.
பூ வைத்துப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை.
நட்சத்திரம் வைத்தேன், பட்டாசுக் கட்டு.
பிறகு அந்த வட்டம்.

'இது என்னவே?'
'பெரிய கம்பெனிக்காரன்லாம் போடுவான் அண்ணாச்சி.'
'துட்டு உண்டா?'
'இல்ல.'
'அப்பம் கிடக்கட்டும்.'

இரண்டு வருஷம் கிடந்தது.
அவருடைய விண்ணப்பம் சென்னைக்குப் போய்
ஆட்சேபணை என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு
அங்கேயே நின்றது.
இங்கே கிளிகள் தென்காசி வரை பறந்தன.

பிறகு வீரவநல்லூரில் ஒருவன்
நாலு கிளி அப்பளம் போட்டான்.
அதே பச்சை, அதே சாய்ந்த கழுத்து.
பிரண்டைக்கு நான் போட்டிருந்த
தப்பான ற கூட அப்படியே.
கடைசிக் கிளியின் வாலுக்குப் பக்கத்தில்
அந்த வட்டமும்.

'அவன உள்ள தள்ளாம ஓயமாட்டேம்வே' என்று
என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு
பாளையங்கோட்டை போனார்.

வக்கீல் எஸ்தர் ஞானமணி
இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து
பேனா மூடியால் கிளிகளை எண்ணினார்.
வால் வந்ததும் மூடி நின்றுவிட்டது.

'பதிவு எண் சொல்லுங்க.'
'எழுதிப் போட்டிருக்கோம்மா.'
'நீங்க போட்டது இல்ல. அவங்க கொடுத்தது.'

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.
நான் கிளியைப் பார்த்தேன்.

'பதியாத குறியைப் பதிஞ்சதுன்னு காட்டினா
நூத்தி ஏழாவது பிரிவு.
மூணு வருஷம் வரை ஜெயில்,
இல்ல அபராதம், இல்ல ரெண்டும்.
அவருக்கு மட்டும் இல்ல.'
கடைசி வரியை
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

'கடுகளவு எழுத்தும்மா அது.'
'சட்டத்துல அளவு போடலையே.'
'அவன் திருடுனாம்லா?'
'உங்க கிளியைத் திருடினார்.
கூடவே உங்க பொய்யையும் எடுத்துட்டுப் போயிட்டார்.
இப்ப எதைக் காட்டி அவர் மேல புகார் எழுத?'

டிஎம் என்று போட்டிருக்கலாமாம்.
பதியாதவரும் போடலாமாம்.
அதற்கும் விசை உண்டு,
பூஜ்யம் ஒன்று ஐந்து மூன்று.
எனக்குத் தெரியும்.
அழகாக இல்லையென்று விட்டிருந்தேன்.

சேரன்மகாதேவி தாண்டும்வரை
அவர் பேசவில்லை.
தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்:
'அந்த இடத்த சும்மா விட்டா
கிளி செத்தா போயிரும்?'

பதினாலாயிரம் உறை மிச்சம்.
கொட்டகையில் ஆறு பெண்கள் கறுப்பு மார்க்கரோடு.
வெளியே வெயிலில் அப்பளங்கள்,
உள்ளே எழுத்தில்லாத வட்டங்கள்,
எவருக்கும் பயப்படாமல் காய்ந்தன.
உலகம்மை கேட்டாள்,
'இதுல என்னண்ணே எழுதியிருந்துச்சு?'
'இல்லாதது' என்றேன்.
'இல்லாததுக்கா இவ்வளவு மை?'

விற்றுப்போன உறைகளை எந்த மையால் அழிப்பது?
அதற்கு வக்கீலம்மாவும் பதில் சொல்லவில்லை.
இன்றுவரை சம்மன் வரவில்லை.
தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம்
அண்ணாச்சி எனக்கு போன் போடுகிறார்.
வீரவநல்லூர்க்காரன் இன்னும் வட்டத்தோடுதான் விற்கிறான்.
யார் போய்ச் சொல்வது?

நேற்று ஒருவர் வந்தார், ஊதுபத்தி உறைக்கு.
'அந்த வட்ட ஆர் ஒண்ணு போட்டுருங்க,
எடுப்பா இருக்கும்.'
'பதிவுச் சான்று இருக்கா?'
'ஒரு எழுத்துக்கா?'
சிரித்தார், எழுந்து போய்விட்டார்.

பக்கத்துக் கடையில் நாற்காலி இழுபடும் சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து
விசைப்பலகை.
எண்ணினேன்.
ஐந்து தட்டு.