ஏழாம் பாகம், இரண்டு பாதி

கெமி ஊர்க் கடையில் மிச்சமிருந்தது ஒரே பிரதி.
ரொட்டிக் கத்தியால் அதை நடுவே பிளந்தோம்,
நானும் தம்பி எர்க்கோவும்.
காய்ந்த மீன்போல் முறிந்தது முதுகு.

முதல் பாகம் வந்தபோது அவனுக்கு முன்பல் இல்லை.
இப்போது முன்முடி இல்லை.

சரக்கு ரயில் ஓட்டுகிறவன்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் நாலு பக்கம் என்று
முன்பாதியை மூன்றே நாளில் முடித்து
என்னிடம் தந்துவிட்டு
பின்பாதியோடு வடக்கே போனான்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
குருட்டுக் குதிரை உறைந்த ஆற்றில் கால் வைக்கிறது.
போன் அடித்தது.
ரொவானியெமியிலிருந்து அவன்:
"சாப்பிட்டாயா?"
"ம்."
பிறகு பேச்சில்லை. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் யாரும்
யாரையும் அப்படிக் கேட்டதில்லை.
குதிரை செத்துவிட்டது என்று
எனக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தும் படித்தேன்,
அது உயிரோடிருந்த பக்கங்களை,
பத்திக்கு ஒரு காப்பி வீதம்.

ஞாயிறன்று பின்பாதி வந்தது.
ரப்பர் பேண்ட், கிரீஸ் கைரேகை.
கடைசித் தாளைக் காணோம்.

"எங்கேடா?"
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
"நானும் படிக்கவில்லை.
நீ அதுவரை வந்து சேர்."

வெளியே மைனஸ் இருபத்தொன்று.
அடுப்பில் விறகு தள்ளினேன்.
எந்தப் பக்கத்தில் என்று கேட்கவில்லை.
கேட்கத் தேவையில்லை:
ஒரு சாக்லேட் தாளை நாலாய் மடித்து
அங்கே செருகியிருந்தான்,
தடுக்கி விழாமலிருக்க.