கெடிலத்துக்குக் கம்பெனி கிடையாது

மொத்தம் நாற்பத்தொன்று.
மழைமானி பதினாறு, நீர்மட்டம் பார்ப்பவை பதினொன்று,
பம்ப் எட்டு, மீதி சைரன்.
வாங்கிய ஆண்டு வேறு, டெண்டர் வேறு.
திறந்துவைத்தவர் பெயர் மட்டும்
எல்லாக் கல்லிலும் ஒரே அளவு எழுத்தில்.

என் மேசையில் மூன்று திரை.
நீலக் கம்பெனிக்கு ஒரு மென்பொருள்,
பச்சைக் கம்பெனிக்கு இன்னொன்று.
மூன்றாவது கம்பெனி புனேயில் பூட்டிக்கிடக்கிறது,
கடவுச்சொல் உள்ளே.
கம்மியம்பேட்டைப் பாலத்தடியில் அதன் கருவி
இன்னும் பத்து நிமிடத்துக்கொரு தரம் பேசுகிறது.
பிரிக்கத் தெரியாத பொட்டலமாய்
வந்து சேர்கின்றன எண்கள்.

போன கார்த்திகையில் ஒரு நள்ளிரவு
நானும் டிரைவர் இருதயராஜும்
டார்ச் எடுத்துக்கொண்டு போனோம்,
அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே எண்ணைத்
தூணில் பெயின்டால் போட்ட கோட்டில் படிக்க.
மூன்று மீட்டர் நாற்பது.
மழையில் நின்று சிரித்தேன்.
ஜுரமா மேடம் என்றார் இருதயராஜ்.

பிறகுதான் கோப்பு எழுதினேன், ஆறு பக்கம்.
இனி எதை வாங்கினாலும்
கேட்டால் சொல்ல வேண்டும்:
நீ யார், எங்கே இருக்கிறாய்,
எதை அளக்கிறாய், எந்த அலகில்,
உடம்பு எப்படி, கடைசியாக எப்போது மயங்கி விழுந்தாய்.
கேட்கும் விதமும் சொல்லும் விதமும்
ஊரறிய அச்சாகி இருக்கட்டும்.
விற்றவன் போனாலும் வாக்கியம் நிற்கும்.

கணக்குப் பிரிவு அமிர்தகடேசன் கேட்டார்:
"விதி இலவசம்னு போட்டிருக்கீங்க.
இலவசத்துக்கு யாரும்மா பொறுப்பு?"
அப்போது பதில் வரவில்லை.
சாயங்காலம் துறைமுகத்தில் சங்கரா பேரம் பேசும்போது வந்தது.
எந்தப் படகின் வயர்லெஸ்ஸும்
பதினாறாம் சேனலில் ஒரு காதை வைத்திருக்கிறது.
பதினாறு யாருடையது என்று
மூழ்குகிறவன் கேட்பதில்லை.
இதைக் கோப்பில் சேர்க்கவில்லை.
மீன் பற்றிய பத்தி எதற்கு என்று
திரும்பி வந்திருக்கும்.

பதினான்கு மாதம். இருபத்தொன்பது கருவிகள் மாறின.
பதினொன்றுக்கு ஆளுக்கொரு துபாஷி வைத்தோம்,
தீப்பெட்டி அளவு,
உள்ளே கேட்பது ஒரு பேச்சு, வெளியே சொல்வது ஒரு பேச்சு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
தாழங்குடாவில் ஒன்று மூன்று நாளாக
பிழையில்லாத வாக்கியத்தில், சரியான அலகில்,
தண்ணீரே இல்லை என்றது.
போய்ப் பார்த்தால் குழாய்க்குள் நண்டு.
எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் விதி.
என்ன சொல்வது
சில நாள் நண்டின் கொடுக்கில்.

நேற்று ராத்திரி இரண்டேகாலுக்குத்
திருவந்திபுரத்தில் கெடிலம் ஏறியது.
பச்சைக்காரன் அளந்தான்.
செம்மண்டலத்தில் நீலக்காரன் பம்பை எழுப்பினான்.
இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
காலையில் பதிவில் இருந்தது:
ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு "சரி".

கணக்குப் போட்டால் ஒன்று மிஞ்சும்.
கம்மியம்பேட்டையைக் கழற்றவில்லை.
துபாஷிக்கும் பிடிபடாத பேச்சு அதற்கு.
பாலம் தாண்டும்போது இருதயராஜ்
எதிரே யாரும் வராவிட்டாலும்
ஒருமுறை ஹாரன் அடிக்கிறார்.