ஐந்து நொடிக்கு ஒருமுறை

கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று
படகுச் சிற்றுண்டிச் சாலையில் சொன்னவன் ஹெஸ்ஸல்.
வடம் வீசும் கை அவனுக்கு. பேச்சும் அப்படித்தான்,
எறிந்த இடத்தில் முடிச்சு விழும்.
பந்தயம் ஒரு பெட்டி பியர்.
செப்டம்பர் மாதம். பறவைகள் குஞ்சுகளோடு கிளம்பிவிட்டன,
டெர்ஸ்கெல்லிங்கின் கிழக்கு முனைக்குப் போகத் தடையில்லை.

மூன்று பேர்.
அவன், பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் தங்கை நின்கா,
காபி இயந்திரத்தோடு சண்டையிட்டே
ஆறு வருடம் அந்தப் படகில் கழித்த நான்.

எட்டாம் கம்பத்தில் காலணியைக் கழற்றினோம்.
கரை நெடுகக் கிலோமீட்டருக்கு ஒரு கம்பம்,
எண் எழுதி நட்டிருக்கிறார்கள்,
கடலுக்கு எண்ணத் தெரியும் என்பதுபோல.

பின்னால் பிரண்டாரிஸ் விளக்கு.
ஐந்து நொடிக்கு ஒருமுறை
அதன் வெளிச்சம் பிடரியைத் தொட்டு,
முன்னால் ஓடி, குன்றுப் புல்லை ஒரு கணம் வெளுத்து,
இல்லாமல் போய்,
திரும்பவும் பிடரிக்கு வந்தது.
கடன்காரன் மாதிரி, என்றாள் நின்கா,
எவ்வளவு தூரம் போனாலும் விடமாட்டான்.

ஓதம் ஏறியதும் குன்றடிக்கு ஒதுங்கினோம்.
அங்கே ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்குப் போகும்.
கத்திப்புல் கணுக்காலைக் கீற, காலணி மறுபடி.
வழியில் ஒரு டேனிஷ் மீன்பெட்டி,
யாரையோ சுட்டிக் காட்டும் ரப்பர் கையுறை,
உடையாத ஒரு மின்குமிழ்.
எந்தக் கப்பலில், எவன் படுக்கைக்கு மேலே எரிந்ததோ,
கடல் அதை முட்டைபோல் கொண்டுவந்து வைத்திருந்தது.
நின்கா காலுறையில் சுற்றிப் பையில் போட்டாள்.

இருபத்து மூன்றைத் தாண்டினோம்.
பிடரியில் ஒன்றும் படவில்லை.
ஐந்து நொடி. பத்து. முப்பது.
திரும்பினால் தீவே இல்லை.

மூடுபனியில் கடல் இரண்டு பக்கமும் இரைந்தது.
வடகடல் எது, உள்ளே கிடக்கும் வாடன் கடல் எது?
ஹெஸ்ஸல் ஒரு காதைப் பொத்தினான், திறந்தான்,
மறுகாதைப் பொத்தினான்.
அதற்குமுன் அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

யாரோ இருமினார்கள்.
யாரது, என்று கூப்பிட்டேன்.
மறுபடி இருமல், சளி கட்டிய கிழ இருமல்.
பிறகு ஒரு பெரிய உடம்பு தண்ணீருக்குள் சறுக்கியது.
கடல்நாய், என்றாள் நின்கா. கையைப் பிடி.
காற்று இடது காதில் இருக்கணும், அவ்வளவுதான்.

காற்றும் எங்களோடு திரும்பிக்கொண்டே இருந்தது
அப்போது தெரியாது.

மூன்று மணிக்கு என் நெற்றியில் இடித்தது ஓர் ஏணி.
மரக்கால்கள்மேல் ஒரு குடில்,
கப்பல் உடைந்து நீந்தி வருபவர்களுக்கு.
பூட்டு கிடையாது. நனைந்து வருபவனிடம் சாவி ஏது?
நாங்களோ நனையக்கூட இல்லை.
கூச்சத்தோடு ஏறினோம்.

நின்கா மின்குமிழைக் காலணிக் கயிற்றில் கட்டி
ஆணியில் தொங்கவிட்டாள்.
அதன் கீழே உட்கார்ந்து
ரொட்டி, சீரகம் போட்ட பாலாடைக்கட்டி, ஆறிய காபி.
எரியாத விளக்குதான்.
இருட்டு கொஞ்சம் குறைந்ததாகவே பட்டது.

விடிந்தபோது பனி இடுப்பளவு ஆனது, பிறகு முழங்காலளவு,
பிறகு மணல்.
மேலிருந்து பார்த்தோம்.
எங்கள் தடம் குடிலைச் சுற்றி
ஒரு சுற்று, இன்னொன்று, சற்றே நெருங்கி மூன்றாவது,
செக்குமாடு போட்ட தடம்போல.
கூப்பிடு தூரத்தில் ஏணியை வைத்துக்கொண்டு
இரண்டு மணிநேரம் கிழக்கே போயிருக்கிறோம்.

ஹெஸ்ஸல் வெகுநேரம் பார்த்தான்.
இதைச் சாலையில் சொல்ல வேண்டாம், என்றான்.
பியர் இரண்டு பெட்டியானது.
(குடித்தாயிற்று. அதனால் சொல்கிறேன்.)

மேல்காற்று கிளம்பித் தடங்களின் விளிம்பை உதிர்த்தது.
குமிழை அங்கேயே விட்டு இறங்கினோம்.
முனையில் பலகை ஏதுமில்லை;
மணல் தண்ணீருக்குள் போகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் காலணியில் மணல் தட்டிக்கொண்டிருக்கையில்
ஹெஸ்ஸல் தள்ளிப் போய், கண்ணை மூடி,
கைகளைச் சற்றே முன்னால் நீட்டி
ஏழெட்டு அடி நடந்து பார்த்தான்,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.