இது எத்தனையாவது

வெள்ளி இரவு பதினொன்றுக்கு முதல் சிவப்பு.
திங்கள் காலை எட்டுக்கு என் மேசை முன் உட்கார்ந்தார்கள்.
ஐம்பத்தேழு மணி போய்விட்டது;
கையில் மிச்சம் பதினைந்து.

"படகு நேற்று ராத்திரிதான் கரை சேர்ந்தது" என்றான் பிராம்.
செனகல்காரன். ஒந்தாரோவா துறைமுகத்தில் ஒன்பது வருஷம்.
சட்டையில் இன்னும் சூரை வாடை.
படிவத்தில் தொலைபேசி எண்ணை அவனே எழுதினான்,
ஒவ்வொரு இரண்டும் கழுத்தை வளைத்த வாத்து.
"எடை, நேரம், இடம். படகில் ஏடு எழுதுவது நான்தான்.
எழுதாத மீன் பிடிக்காத மீன்."

எனெரிட்ஸ் சிரிக்கவில்லை.
இந்தக் கரையில் மூன்று பேருக்கு ஒருவர்
சுமக்கும் சின்னக் கழித்தல் கோடு
அவள் ரத்தத்திலும். அவனுடையது கூட்டல்.
பள்ளிக் கணக்கென்றால்
ஒன்றையொன்று அடித்துவிட்டு எழுந்து போகலாம்.
ரத்தம் அப்படி விடாது.
பிள்ளையிடமிருந்து ஒரு துளி தாய்க்குள் கசிந்தால் போதும்,
அந்நியன் என்று குறித்து வைத்துக்கொண்டு
அடுத்த பிள்ளைக்குக் காத்திருக்கும்.

பதிமூன்றாவது வாரம். திரையில் துடிப்பு இருக்கிறது.
இது எத்தனையாவது கர்ப்பம்?
"முதல்."

வண்டியை நகர்த்தச் சொல்லிக் கீழிருந்து குரல்.
பிராம் இறங்கிப் போனான்.
கதவு சாத்தும் வரை பார்த்திருந்துவிட்டு
"இரண்டாவது" என்றாள்.

பத்தொன்பது வயதில். எல்லை தாண்டி, பயோன் நகரில்.
ஊசி போட்டார்களா?
"தெரியாது. ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள்.
ஸ்ட்ரா வளைந்திருந்தது."
பிறகு, மெதுவாக:
"இந்தக் கையேட்டில் எழுதாதீங்க. அவன் எல்லாத்தையும் படிப்பான்."

எழுதுவது என் வேலை.
நான் எழுதாத ஒன்றால்
யாரோ ஒரு குழந்தை மஞ்சளாய்ப் பிறக்கும்.
கணினியில் இரண்டு என்று தட்டினேன்.
கையேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
இதுவரை நான் விட்ட ஒரே காலி.

ரத்தக் குழாய் பத்து மணி வண்டியில் போனது.
நான்கு மணிக்கு லேபிலிருந்து போன்:
எதிர்ப்பொருள் இல்லை.
பயோனில் யாரோ ஊசி போட்டிருக்கலாம்,
அல்லது அதிர்ஷ்டம். இரண்டுக்கும் ரசீது கிடையாது.

நாலு நாற்பதுக்கு இடது தோளில் போட்டேன்.
முகம் தெரியாத யாரோ கொடுத்த பிளாஸ்மாவின்
குளிர்ந்த ஒரு சிரிஞ்சு.
மருந்தின் தொகுதி எண், தேதி, நேரம், என் கையெழுத்து.
ஒட்டுச்சீட்டை உரித்து ஒட்டியபோது
நகக்கண்ணில் பசை.

இருபத்தெட்டாம் வாரம் மறுபடி வந்தாள், தனியாக.
வயிறு முன்னால், மழைக்கோட்டு பொத்தான் சேரவில்லை.
பிராம் கடலில்.
அடுத்த ஊசிக்காகக் கையேட்டைப் புரட்டினேன்.

நான் காலியாக விட்ட கட்டத்தில்
நீல மையில் ஓர் எண்.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தை வளைத்த வாத்து.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
எந்தத் தோள் என்று மட்டும் கேட்டேன்.