பெயர் மறைத்த தட்டு

புட்டி ஒன்று அறுபத்தொன்பது பிராங்.
மேசையில் வைத்துவிட்டு வதனா கேட்டாள்:
"நீ ஆய்வுகூடத்தில நிக்கிறவள்தானே,
உண்மையோ எண்டு சொல்லு."
புட்டியோடு ஒரு கட்டுரை, எட்டுப் பக்கம்.
ஒரே ஒரு வரிக்கு அவள் பச்சைக் கோடு போட்டிருந்தாள்:
கொழுப்புக் கலம் உருவாவதைத் தடுக்கிறது.

பாசலில் அன்று முழுக்க மழை.
பதினோராம் டிராம் சன்னலைக் கிலுக்கிவிட்டுப் போனது.
அடுப்பில் மீன் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

நான் கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள்.
காசு கொடுத்தது யார்? புட்டிக்காரர்.
யாருடைய கொழுப்பு? எலியுடையது.
எலிகூட இல்லை,
எப்போதோ ஓர் எலியை விட்டுப் பிரிந்துவந்து
பிளாஸ்டிக் தட்டிலேயே பெருகிக் கிடக்கும் கலங்கள்.
எட்டு நாள் அந்தச் சாற்றில் ஊறவிட்டால்
எதுதான் ஒழுங்காய் வளரும்?
சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினாலும் கொழுப்புச் சேராது.
கலம் உயிரோடு இருந்ததா என்று
ஒருவரும் பார்க்கவில்லை.
அப்புறம் மனிதர்.
பத்தொன்பது பேர் தொடங்கி, பதினொரு பேர் முடித்தார்கள்.
போன எட்டுப் பேர் ஏன் போனார்கள்? ஒரு வரி இல்லை.
ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆளும் இல்லை.
இடுப்பு ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்ததாம்;
நாடாவை இறுக்கிப் பிடித்தால் எனக்கும் குறையும்.

"அப்ப பொய்யோ?"

பொய் என்று எப்படிச் சொல்வேன்.
தட்டில் நடந்தது தட்டில் நடந்தது.
சோற்றுத் தட்டுவரை அது வருமா என்று
இந்தத் தாளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"தெரியாது எண்டால்
வேலை செய்யவும் கூடும்தானே?"
குளிசை ஒன்றைப் பிரித்து நுனிநாக்கில் வைத்தாள்.
முகம் கோணியது. பிறகு வெடித்துச் சிரித்தாள்.
"அடியேய், இது கொறுக்காய்!"
இருவரும் மீன்சட்டியைப் பார்த்தோம்.
உள்ளே கிடந்த மூன்று துண்டும்
கால் பிராங் பெறாது.

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு குளிசையை எடுத்து
தண்ணீரோடு விழுங்கினாள்.
தராசில் ஏறும்போதெல்லாம்
கூரையைப் பார்க்கிறவள் அவள்.
நான் கறிக்கு உப்புப் பார்த்தேன்.

மறுநாள் காலை, வேறொரு கம்பனி, வேறொரு சாறு.
தட்டுகளின் பெயரையெல்லாம்
ரெகுலா நாடா ஒட்டி மறைத்து வைத்திருந்தாள்,
எண்ணுவது என் கண்ணாக இருக்கட்டும்
என் ஆசையாக வேண்டாமென்று.
சிவப்புச் சாயம் குடித்த கொழுப்புத் துளிகள்
மாதுளை முத்தாய் நெருங்கிக் கிடந்தன.
ஒன்றில் இருநூற்றுப் பதினான்கு.
மற்றதில் இருநூற்று ஒன்பது.
எது சாறு, எது வெறும் நீர்?
எனக்குத் தெரியாது.
ஆனாலும்
குறைந்த தட்டை மறுபடி லென்சின் கீழ் தள்ளி
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்,
இன்னும் இரண்டொன்று குறையாதா என்று.