முப்பத்தோராம் இடம்

பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு.
இந்திகிர்கா ஆற்றின் மேல் நடக்கிறேன்,
இருபது எட்டுக்கு ஒருமுறை நின்று
பனியின் கனம் கேட்கிறேன்.
கையிலிருக்கும் மஞ்சள் பெட்டி
கீழே ஒரு துடிப்பை அனுப்பும்,
திரும்பி வருவதை எண்ணாக்கும்.
தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றாறு.

பின்னால் கரையில் கெஸ்கிலின் லாரி
அணையாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.
அணைத்தால் வசந்தம் வரை கிளம்பாது.
அக்கரை ஊரின் மின்நிலையத்துக்குப்
பன்னிரண்டு டன் டீசல்.

பெட்டிக்குள் மூவர் குடித்தனம்.
லித்தியம் கெட்டிக்காரன், நிறையச் சேர்ப்பான்,
குளிரில் மட்டும் கை நீளாது,
நூறு கேட்டால் மூன்றை எண்ணி எண்ணி வைப்பான்.
மின்தேக்கி ஊதாரி,
வாங்கியதை ஒரே நொடியில் கொட்டிவிடுவான்.
துடிப்புக்கு வேண்டியதென்னவோ அந்த ஊதாரித்தனம்தான்.
மூன்றாவது எரிபொருள் கலம், கம்பி நீட்டி
என் கோட்டுக்குள், அக்குளுக்குப் பக்கத்தில்:
மெத்தனால் குடிக்கிறது, நீராய்க் கழிக்கிறது,
அந்த நீர் உறைந்தால் கதை முடிந்தது.
சொட்டுச் சொட்டாய்த்தான் ஈட்டும். ஆனால் நிற்காது.

யாரிடம் எப்போது எவ்வளவு வாங்குவதென்ற
சட்டத்தை எழுதியவள் நான்,
நோவசிபிர்ஸ்கில், ரேடியேட்டர் ஓரம்,
அரைக்கைச் சட்டையில்:
இருப்பு ஐந்துக்குக் கீழே போனால் ரேடாரை நிறுத்து,
கடிகாரத்தைக் காப்பாற்று, நினைவைக் காப்பாற்று.
அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது.

முப்பத்தோராம் இடத்தில் திரை கறுத்தது.
மூலையில் கடிகாரம் மட்டும்,
மணி மூன்று பத்து, மிகத் துல்லியமாக.

லாரிக்குத் திரும்பிப் பயனில்லை,
அதன் சார்ஜர் துளை போன குளிர்காலமே கருகிவிட்டது.
இந்தக் குளிரில் குரல் வெகுதூரம் வரும்.
"சாஸ்கிலானா! முப்பதும் நன்றாயிருக்க
முப்பத்தொன்று மட்டும் என்ன செய்துவிடும்?"

ஆழம் தெரிந்த ஆறுதான் இது.
தெரியாதது காலுக்கும் ஆழத்துக்கும் நடுவே இருப்பது.

மீறவும் ஒரு வழி வைத்திருந்தேன்,
இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும்,
லித்தியத்தை அடிவரை சுரண்டலாம்.
சுரண்டினால் அரைத் துடிப்பு கிளம்பும்,
அரைகுறையாய் ஓர் எண் வரும்.
அதை நம்பிப் பன்னிரண்டு டன்னா?

கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினேன்.
கலத்துக்குக் காற்று வேண்டும்.
காற்றோடு ஐம்பத்திரண்டும் உள்ளே வந்தது.
மூடினேன். திறந்தேன். மூடினேன்.
எனக்கு எவ்வளவு, அதற்கு எவ்வளவு,
இந்தச் சட்டத்தை நான் எழுதியிருக்கவில்லை.
துளித்துளியாய் ஊதாரியின் பை நிறைந்தது.
பதினோரு நிமிடம்.
இமை இரண்டு முறை ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரே ஒரு துடிப்பு.

முப்பத்தெட்டு.

அடியில் ஏதோ ஊற்று
பனியை நக்கிக்கொண்டிருக்கிறது.
மறுபடி கேட்டுப் பார்க்க மின்சாரம் இல்லை.

"எவ்வளவு மிச்சம்?" என்று கத்தினான் கெஸ்கில்.
பனியிலா, பெட்டியிலா, அவன் சொல்லவில்லை.
"திருப்பு" என்றேன்.

லாரி பின்னோக்கிக் கரையேறும் சத்தம்.
அக்கரையில் நாலைந்து ஜன்னல்கள்,
இன்றைக்கும் மெழுகுவர்த்திதான்.
ஒரு ஜன்னலில் யாரோ டார்ச்சை
மூன்று முறை அணைத்து அணைத்துக் காட்டினார்கள்.
பதிலுக்குக் காட்ட என்னிடம் வெளிச்சம் இல்லை.
கையை உயர்த்தினேன், அந்த இருட்டில்,
அவர்களுக்குத் தெரியாது என்று தெரிந்தே.