நொய்

ஊஃபா நகரில் மைனஸ் இருபத்தெட்டு.
உறைந்த அகிதேல் ஆற்றின் மேல் லாரி போகிறது.
ரம்சிலா ஆய்வகத்துக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை;
சம்பளம் போலவே சூடும்
இந்த மாதம் வந்து சேரவில்லை.

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செப்பு வில்லை.
மேலே ஒரு அடைகல், கீழே ஒரு அடைகல்.
மேலது அசையாது. கீழது
நிமிடத்துக்கு ஒரு சுற்று.
இடையில்
அறுபதாயிரம் வானங்களை அடுக்கிய கனம்.

நியாயப்படி பிளந்து தெறிக்க வேண்டும்.
தெறிக்க இடமில்லை.
வெளியே வழியில்லாத உலோகம்
உள்ளுக்குள் வழி தேடுகிறது:
வரிசை தவறிய அணுக்கள் முண்டுகின்றன,
சிக்குகின்றன, சுவராகின்றன,
சுவர் எல்லையாகிறது.
ஒரு மணி பத்தாகிறது, பத்து பல்லாயிரமாகிறது.
அரிசி குருணையாகி
குருணை நொய்யாகி,
மாவு மட்டும் ஆவதில்லை.
வில்லை முழுசாக இருக்கிறது.
சுண்டினால் சத்தம்கூட மாறுவதில்லை.

நடுப்புள்ளிக்கு முதலில் எதுவும் உறைப்பதில்லை.
அச்சில் நிற்பவனுக்குச்
சுற்றுவது தெரியாது.
விளிம்பெல்லாம் நொய்யான பிறகும்
அங்கே பழைய பெரிய மணிகள் அப்படியே.
ஐந்தாம் சுற்றில்தான் செய்தி போய்ச் சேருகிறது.

வைரமுனை இறங்கியது.
முறுக்கும் முன் ஐம்பது. இப்போது நூற்று நாற்பது.
இல்கிஸார் மேசையைத் தட்டினான்:
"கஷ்டப்பட்டால்தான் உறுதி, பார்த்தாயா!"
"உன் வரைபடத்தில் கஷ்டம் எந்த அச்சு?"

வில்லையை உறையிலிட்டுத் தேதி எழுதி
இழுப்பறையில் வைத்தாள்.
ஆறு உருகியது. லிண்டன் பூத்தது. தேனீ வந்து போனது.
யாரும் அதைத் தொடவில்லை.

செப்டம்பரில் அதே வில்லை, அதே வைரம்:
எழுபத்தொன்று.
மறுபடி அளந்தாள். எழுபது.
நுண்ணோக்கியின் கீழே
நொய்க்கு நடுவில் கொழுத்த மணிகள்,
கோடு கிழித்தாற்போல் நேரான எல்லைகளோடு,
அக்கம்பக்கத்தைத் தின்று தீர்த்தவை.
நெருப்பு வைக்கவில்லை. உலையில் இடவில்லை.
அத்தனை முறுக்கும்
சும்மா கிடந்த நேரத்தில் அவிழ்ந்திருக்கிறது.

அளவைப் பிழை என்று எழுதச் சொன்னார் துறைத்தலைவர்.
அவள் எழுதினாள்: அறை வெப்பம், ஏழு மாதம்.

இப்போது புது வில்லைகள் இருப்பது
உறைபெட்டியில், இல்கிஸாரின்
குதிரைத் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில்.
ஒவ்வொரு உறையின் மேலும் அவள் கையெழுத்து:
செம்பு. ஐந்து சுற்று. சாப்பாடு இல்லை.
வெளியே எடுப்பவர்
எடுத்த மணி, வைத்த மணி
இரண்டையும் குறிக்கவும்.